அறுபதில் மிச்சம் நாலு

பிறக்கப்போகும் பிள்ளையின் கண்ணொளி, டப்பா ஒன்றுக்கு எண்ணூற்று ஐம்பது. ஆணிக்கடைக்காரர் பேரம் பேசி எழுநூறு ரூபாய்க்கு முடித்திருந்தார். அந்தச் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொள்ளத்தான் மாத்திரை டப்பாவை நர்ஸின் மேசைமேல் வைத்தார். மனைவி உள்ளறையில் ஸ்கேனுக்குப் போயிருந்தாள். எட்டாவது வாரம்.

லேபிளைப் படித்த நர்ஸின் முகம் மாறியது.

"இதை யாருங்க எழுதிக் குடுத்தது?"

"யாரும்மா எழுதணும்? வைட்டமின்தானே!"

"வைட்டமின் ஏ. அதுவும் பெரிய டோஸ். கரு உருவாகுற நேரத்துல அளவு மீறினா முகம், இருதயம், மூளை எதுவும் சரியா உருவாகாமப் போகலாம். தினம் எத்தனை குடுத்தீங்க?"

கொள்முதலில் குறைத்துக் கேட்டே பழகிய வாய், தானாகக் குறைத்தது.

"ஒண்ணு."

நர்ஸ் டப்பாவைக் கவிழ்த்தார். நாலு மாத்திரைகள் உருண்டன.

"அறுபதுல மிச்சம் நாலு. என்னைக்கு வாங்கினது?"

"ரெண்டு வாரம் இருக்கும். கொஞ்சம் கீழே கொட்டிடுச்சு."

"எவ்வளவு கொட்டுச்சு?"

"கொட்டல." நெற்றியைத் துடைத்தார். "தினம் நாலு. என் கையாலதான் எடுத்துக் குடுத்தேன்."

"அடக் கடவுளே! வேற என்ன குடுத்தீங்க?"

"வேற மருந்தே கிடையாதும்மா! எல்லாம் இயற்கை. வாரத்துல மூணு நாள் ஈரல் வறுத்துக் குடுத்தேன்."

"ஈரலா? அதுலதாங்க வைட்டமின் ஏ குவிஞ்சு கிடக்கு!"

சத்தம் கேட்டு டாக்டரம்மா எழுந்து வந்தார். ஆணிக்கடைக்காரர் அவரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அம்மா, என் கடையை வேணா எழுதி வாங்கிக்குங்க. பிள்ளைக்கு மட்டும் ஒண்ணும் ஆகக்கூடாது."

"இதுல பேரம் கிடையாதுங்க. மொத்தம் எத்தனை உள்ளே போச்சு? அதை மட்டும் சரியாச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

பக்கத்து மருந்துக்கடையில் இருமல் மருந்துக்கு விலை கேட்கப் போயிருந்த ஆணிக்கடைக்காரரின் அம்மா அப்போதுதான் உள்ளே வந்தார்.

"ஏண்டா இப்படி முழிக்கிறே?"

"நான் வாங்கின மாத்திரை பிள்ளைக்கு ஆகாதாம்மா! அம்பத்தாறையும் அவ முழுங்கிட்டா!"

அம்மா டப்பாவைப் பார்த்தார். நோயாளிக்கான முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, டாக்டரம்மாவிடம் கையை நீட்டினார்.

"அவ எங்கடா முழுங்கினா? குமட்டுது, தூக்கிப் போட்டுடுங்க அத்தைன்னு எல்லாத்தையும் எங்கிட்ட குடுத்துடுவா. காசு போட்ட சரக்காச்சே, வீணாக்க மனசு வருமா? மாத்திரை அம்பத்தாறு, ஈரல் ஆறு தட்டு, மொத்தமும் என் வரவு, அவ கணக்குல சைபர்; சீக்கிரம் என்னைப் பாருங்கம்மா!"