எனக்கென்று ஒரு குரூசர்

"எந்த பைக் வாங்கலாம்?" என்று ஒருவர் உங்களிடம் வந்து கேட்டால், தயவுசெய்து மூளையைக் கசக்கிப் பதில் சொல்லாதீர்கள். அவர் ஏற்கெனவே ஒரு பைக்கைப் பார்த்து, மயங்கி, மனதுக்குள் அதில் ஏறிப் பாசிக்குடாக் கடற்கரை வரைக்கும் போய்த் திரும்பியும் விட்டார். அவருக்கு வேண்டியது ஆலோசனை அல்ல, தலையாட்ட ஒரு ஆள். சில வருடங்களுக்கு முன் அப்படி அலைந்து ஊரில் பலருடைய தேநீரை ஆற வைத்தவன் என்பதால் சொல்கிறேன்.

எனக்குக் கிடைத்த பதில்கள் எல்லாமே நல்ல பதில்கள். "வயல், வரம்பு, மணல் ஒழுங்கை எண்டு திரியிற ஆளுக்கு நூறு சீசீதான் சரி. பெற்றோலும் மணந்து பார்த்தாப் போதும், ஓடும்" என்றார் மெக்கானிக். "ஸ்கூட்டி எடு. காலுக்குள்ள கேஸ் சிலிண்டரை வெச்சுக் கொண்டு வரலாம்" என்றார் சகலன். நானோ குரூசர் என்றேன். அதாவது, நீளமாக, நிலத்தோடு பதிவாக, பாரமாக, எருமைக் கொம்பு மாதிரி அகலக் கைபிடியோடு, கால்களை முன்னுக்கு நீட்டிச் சாய்மனைக் கதிரையில் கிடப்பதுபோல் இருந்து ஓடுகிற வண்டி. பெற்றோல் குடிக்கும், குறுகிய ஒழுங்கைக்குள் திருப்ப முடியாது, அரிசி மூட்டை ஏற்ற முடியாது, டபுள் ஸ்டாண்டும் கிடையாது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். (தெரிஞ்சும் ஏன் எண்டு கேக்கிறீங்களா? அதுக்குத்தான் வாறன்.)

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே போய்க் குடியேற வேண்டும். நானும் ஒரு பயணப் பையோடு போய்க் குடியேறினேன். வீடு என் மனைவி சுகந்தியின் பெயரில். வளவும் கிணறும் மாமரமும் அவளுடையவை. நான் ஓடிக்கொண்டிருந்த நூறு சீசீ பைக்கூட மாமனார் எங்கள் கல்யாணத்துக்குத் தந்தது. என்னுடையது என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல என்னிடம் இருந்தவை இடுப்பில் கட்டுகிற நாலு சாரமும் ஒரு சவர ரேசரும்தான். சுகந்தி ஒருநாளும் இதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனாலும் மாமரத்தில் காய் பறிக்கும்போதுகூட விருந்தாளி மாதிரி ஒரு கூச்சம் எனக்கு இருந்தது. எனக்கென்று ஒன்று வேண்டும், அது தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், சத்தமும் போட வேண்டும். அப்படிப்பட்ட சாமான் குரூசரை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

காத்தான்குடியில் என் கூட்டாளி றினூஸிடம் ஒரு கறுப்புக் குரூசர் இருந்தது. அவன் திரும்பவும் கட்டாருக்குப் போக இருந்தான்.

"ஒரு கிழமை, ஏழு நாளும் வெச்சு ஓடிப் பாரு மச்சான். புடிச்சா எடு. புடிக்காட்டி அப்படியே கொண்டந்து தா" என்றான். "ஒண்டு மட்டும் சொல்றன். உன்ட பைக்குல கியர் எல்லாம் கீழ மிதிக்கிறது. இதுல முதல் கியர் மட்டும்தான் கீழ, மத்ததெல்லாம் மேல. நியூட்றல் முதலாவதுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல, விழுந்தா பச்சை லைட் எரியும். அதைப் பார்த்துத்தான் கிளச்சுல இருந்து கையை எடுக்கணும். மறுகா இன்னொண்டு, கீறல் விழப்படாது."

"இது எனக்குத் தெரியாதா?" என்று சாவியைப் பறித்துக்கொண்டேன்.

சுகந்தி வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். அவள் டீச்சர். ஊரை ஒட்டிக் கிடக்கிற பெரிய வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். தினமும் காலையில் நான்தான் கொண்டுபோய் விடுவேன்.

"ஆசையெண்டா எடுங்க. ஆனா இந்தக் கிழமை முழுக்க என்னை இதுலதான் பள்ளிக்குக் கொண்டுபோகணும். நான் குறை சொல்ல வாய் திறக்காம இருந்தா மறுகா எடுக்கலாம்" என்றாள்.

எனக்கு அது பெரிய நிபந்தனையாகத் தெரியவில்லை. ஐந்து நாள் அவளைச் சேதமில்லாமல் இறக்கிவிட்டால் குரூசர் என்னுடையது. இதைவிட இலேசான பரீட்சை உண்டா?

திங்கட்கிழமை காலை நான் வெளிக்கிட்ட கோலத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. கறுப்பு ஜக்கெட், கறுப்புக் கண்ணாடி, விரல் தெரிகிற கையுறை. மட்டக்களப்பு வெயிலில் ஜக்கெட்டுக்குள் நான் அவிந்துகொண்டிருந்தேன். சுகந்தி கஞ்சி போட்டு மடித்த பருத்திச் சேலையோடு பின்னால் ஏற வந்தாள். அந்தப் பின் சீட்டு ஒரு பிஸ்கட் அளவு. பக்கவாட்டில் இருந்தால் கால் வைக்க இடமில்லை. ஒரு கையால் என் ஜக்கெட்டையும் மறு கையால் தன் உயிரையும் பிடித்துக்கொண்டு வந்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

வாவியைக் கடக்க எங்களுக்குப் 'பாதை' இருக்கிறது. பாதை என்பது இரும்புத் தகடு அடித்த ஒரு பெரிய மிதவை. ஆட்களும் பைக்குகளும் அதில் ஏறினால் அடுத்த கரைக்குக் கொண்டுபோய் விடும். பைக்குகளை அதில் வரிசையாக, ஒன்றோடு ஒன்று உரசுகிற மாதிரி, டபுள் ஸ்டாண்டில் நிறுத்துவதுதான் வழக்கம். அப்படி அடுக்கினால்தான் எல்லோருக்கும் இடம் காணும்.

பாதைக்காரர் என் வண்டியைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தார்.

"இதுக்கு டபுள் ஸ்டாண்ட் எங்க?"

"இல்லண்ணே. குரூசருக்கு அது வாறல்ல."

"அப்ப எப்பிடி வெக்கிற? சரிச்சு வெச்சா மூணு பைக்கிட இடம் போகுமே. சரி, முன்னுக்குக் கொண்டுபோய் நீங்களே ஏறி இருந்து புடிச்சுக்கொள்ளுங்க."

ஆக, பாதையில் எல்லோரும் கீழே நிற்க, நான் மட்டும் முன் விளிம்பில், குறுக்கே கட்டிய ஒற்றைக் கயிற்றுக்குப் பின்னால், ஊர்வலம் போகிற சாமி மாதிரி வண்டியின் மேல் வீற்றிருந்தேன். எல்லோர் கண்ணும் என் மேல். உண்மையைச் சொன்னால், அந்தப் பத்து நிமிடமும் நான் சொர்க்கத்தில் இருந்தேன். பக்கத்தில் மீன்பெட்டி கட்டிய பைக்கோடு ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) நின்றார். கடல்மீனைப் படுவான்கரை ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பவர். வண்டியைத் தலையிலிருந்து வால் வரை பார்த்துவிட்டு, "சத்தம் எப்பிடித் தம்பி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்பது அந்த மனிதருக்குத் தெரியாது.

"கரைக்குப் போய்க் காட்டலாம். சும்மா இருங்க" என்றாள் பக்கத்தில் கீழே நின்ற சுகந்தி. கரைக்கு இன்னும் ஒரு கூப்பிடு தூரம்தான் இருந்தது. அதற்குள் காட்டாவிட்டால் கூட்டம் கலைந்துவிடுமே!

ஏறும்போது முதல் கியரில் நின்ற வண்டியின் கியரைக் கால் நுனியால் மேலே தட்டினேன். என் பழைய பைக்கில் அப்படித் தட்டினால் நியூட்றல். பச்சை லைட் எரிந்ததா? கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் எனக்கு உலகமே கறுப்பாகத்தான் தெரிந்தது. வண்டி நியூட்றலைத் தாண்டி இரண்டாவது கியரில் நின்றதை நான் அறியேன். கிளச்சைப் பிடித்தபடி ஸ்டார்ட் பண்ணி, நன்றாக முறுக்கினேன். தகடு அதிர்ந்தது. பின்னால் நின்ற பள்ளிப் பிள்ளைகள் "ஆஆ!" என்று கத்தினார்கள். அந்த ஆரவாரத்துக்குப் பதில் மரியாதை செய்ய வேண்டாமா? இடது கையை உயர்த்தி அசைத்தேன்.

கிளச்சைப் பிடித்திருந்த கை அதுதான்.

குரூசர் ஒரு துள்ளுத் துள்ளியது. அகலமான கைபிடி காக்காவின் பைக் கண்ணாடியில் மாட்டி அதை இழுக்க, அது சரிந்து அடுத்ததில் விழ, வரிசை முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்தது. அதைப் பார்க்க நான் அங்கே இல்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு வண்டியும் நானும் வாவிக்குள் இறங்கியிருந்தோம்.

நல்லகாலம், கரையோரம் இடுப்பளவு தண்ணீர்தான். எழும்பிப் பார்த்தேன். கண்ணாடி முகத்தில் அப்படியே இருந்தது. என்னைச் சுற்றிக் கீரிமீனும் சாளைமீனும் மிதந்தன. கடலில் பிடித்து, ஐஸ் போட்டு, காசு கொடுத்து வாங்கிய மீனெல்லாம் பெட்டி கவிழ்ந்து வாவிக்குள் வந்து சேர்ந்திருந்தன. பாதையின் விளிம்பில் காக்கா தலையில் கை வைத்தபடி நின்றார்.

"தம்பி, நீங்க இன்சூரன்ஸ் தம்பிதானே?" என்றார். "போன மாசம் கடையடியில நிண்டு, எந்த நேரம் என்ன நடக்கும் எண்டு தெரியாது காக்கா எண்டு சொன்னீங்களே, அது இதைத்தானா?"

(ஓம், நான் காப்புறுதி முகவர். இதை முதலே சொல்லியிருக்கலாம். வெட்கமாக் கிடந்தது.)

பாதையில் ஒருவருக்கும் அடி இல்லை. அதற்குள் பக்கத்தில் தொபீர் என்று ஒரு சத்தம். சுகந்தி! கஞ்சி போட்ட சேலையோடு தண்ணீருக்குள் குதித்து, என் ஜக்கெட் கொலரைப் பிடித்தாள்.

"கால் அசையுதா? அசைச்சுக் காட்டுங்க! தலையில அடிபட்டுதா?"

"ஹெட்லைட் உடைஞ்சிட்டா, பாருமன்" என்றேன் நான்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அழுகைதான் முட்டிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது அந்த நிமிடத்தில்தான். பைக்கோடு விழுந்ததற்கு அல்ல, அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு. அவளோ கரையேறி, சேலையைப் பிழிந்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனாள்.

றினூஸுக்குப் போன் எடுத்தேன்.

"என்ன மச்சான், கீறல் ஒண்டும் விழல்லையே?"

"கீறல் எண்டு சொல்ல ஏலா" என்றேன். "தண்ணிக்குள்ள கிடக்கிறபடியாச் சரியாத் தெரியல்ல."

"அப்ப உனக்கு புடிச்சிட்டு எண்டு எழுதிக்கொள்றன்" என்றான்.

குரூசர் வாங்கலாமா, வேண்டாமா என்ற என் நெடுநாள் ஆராய்ச்சி இப்படித்தான் முடிவுக்கு வந்தது. காக்காவின் மீனுக்கும், உடைந்த கண்ணாடிகளுக்கும், வண்டியைக் கயிறு போட்டு இழுத்து எஞ்சினைக் கழுவியதற்கும் என் கையிருப்பு முழுதும் கரைந்தது. வண்டியை எடுக்கச் சுகந்திதான் தன் சம்பளத்தின் மேல் லோன் போட்டாள். லோன் போட்டவர் பெயரில்தான் பைக்கின் பதிவுப் புத்தகம் வந்தது. அந்தப் புத்தகத்தை வாசித்தபோது மாமரம் என்னைப் பார்த்துச் சிரித்ததாகவே எனக்குப் பட்டது.

இன்னும் இருக்கிறது. மெக்கானிக் வண்டியைத் திருத்திக் கொண்டுவந்து வளவில் விட்ட அன்று பின்னேரம், சுகந்தி சுடிதாரோடு சும்மா அதில் ஏறி இருந்து பார்த்தாள். அவள் கட்டை. என் பழைய பைக்கில் ஏறினால் நுனிக்காலும் நிலத்தில் படாது, ஸ்கூட்டியில்கூட எக்க வேண்டும். இதில் இரண்டு பாதமும் மணலில் முழுதாகப் பதிந்தன.

"இஞ்ச பாருங்க, எனக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரிக் கிடக்கு!" என்றாள். அவ்வளவு சந்தோசத்தோடு அவள் முகத்தைப் பார்த்து நெடுநாளாகியிருந்தது. எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது, கொஞ்சம் வயிறு எரிந்தாலும்.

பள்ளிக்கூட மைதானத்தில் பழகி லைசனும் எடுத்துவிட்டாள். இப்போது ஊரில் அதற்குப் பெயர் 'டீச்சர்ர பைக்'. கிழமை நாட்களில் சேலையோடு பழைய நூறு சீசீயில் என் பின்னால் வருவாள். சனிக்கிழமைகளில் அவள் ஓட, நான் அந்த பிஸ்கட் சீட்டில் இருந்து மாமாங்கக் கோயிலுக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்கும் போய் வருகிறேன். படுவான்கரைக்குப் போனால் பாதைக்காரர் மற்றப் பைக்குகளை ஒதுக்கி இடம் எடுத்துத் தருவார். புதுக் கயிறு கட்டியிருக்கிறார், தடித்த கயிறு. ஏறியதும் என்னைத்தான் தேடுவார்.

"தம்பி, ரெண்டு கையையும் டீச்சர்ர தோளில வெச்சுக்கொள்ளுங்க. கரை சேருற வரைக்கும் எடுக்கப்படாது!"

பாதையே சிரிக்கும். சுகந்தி பச்சை லைட்டைப் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்துவாள். நான் இரண்டு கையையும் அவள் தோளில் வைத்துக்கொள்வேன்.