மூன்று மணிக்கு ஊதிய சங்கு

மடுல்சீமை,
வியாழக்கிழமை.

அன்புத் தம்பி நிஷாந்துக்கு அக்கா விஜயலெட்சுமி எழுதுவது. நானும் உன் மச்சானும் பிள்ளைகளும் சுகம். நீ கொடுத்த லெப்டொப்பும் சுகம். நாளைய பஸ்ஸில் அது உன்னிடமே திரும்பி வருகிறது. ஃபோனில் சொன்னால் சிரித்தே பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

தேர்த் திருவிழாக் கோலாட்டத்துக்கு நானே பாட்டுச் செய்து தருகிறேன் என்று கோயில் தலைவரிடம் சொல்லியிருந்தேன் அல்லவா? அவருக்குப் பெரகலையிலிருந்து டிஜே பிடிக்கத்தான் ஆசை. "மொதல்ல போட்டுக் காட்டு, அப்புறம் பாக்கலாம்" என்றார். விடுவேனா? கொழுந்து பறிக்கும் மாரியாயி அக்காவின் கும்மி ஒரு வரிசை, உன் மச்சான் அடித்த தப்பு மேளம் ஒரு வரிசை, பிள்ளைக் காம்பராவில் தாய்மார் விட்டுப்போக நான் பார்த்துக்கொள்ளும் குழந்தைகளின் கைதட்டல் ஒரு வரிசை என்று திரையில் அடுக்கி, கும்மியின் வேகத்துக்குத் தப்பை இழுத்துப் பொருத்தினேன் பார், உடம்பெல்லாம் புல்லரித்துப் போச்சு தம்பி! முடிவு மட்டும் சப்பென்று இருந்தது. தேயிலை ஃபெக்டரிச் சங்கை ஃபோனில் பிடித்துக் கடைசியில் ஒட்டினேன்.

நேற்று மூன்று மணிக்குக் கோயில் ஸ்பீக்கரில் போட்டேன். தலைவர் தலையை ஆட்டுகிறார், காலும் தாளம் போடுகிறது, ஜெயிச்சாச்சுன்னு நான் குதிக்கிறேன், அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதுது! கொழுந்து நிறுக்க நாலரைக்கு ஊதுற சங்கு! மலையில் இருந்த அத்தனை பொம்பளைகளும் கூடையோடு நிறுக்கிற மடுவத்துக்கு இறங்கிட்டாங்க. பின்னாலேயே சிவஞானம் கங்காணி மூச்சிரைக்க ஓடி வந்து, "யாரு ஊதுனது? மணி மூணுதானே!" என்று கத்துகிறார்.

"சங்கு ஊதினா எறங்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று மாரியாயி அக்கா கூடையை இறக்கி வைத்தார். ஒருத்தியும் திரும்ப மலை ஏறவில்லை. தோட்டத்துத் தொரை ஜீப்பில் வந்து தலைவரைப் பிடித்தார், தலைவர் என்னைக் கைகாட்டினார். கடைசியில் பெரகலை டிஜேதான் என்று முடிவாகிவிட்டது. அழுதுவிட்டேன் தம்பி. பாட்டையும் அழித்துவிட்டேன். இனி இந்த வெட்டி ஒட்டுகிற வேலையே வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. மாரியம்மா உனக்குத் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
அக்கா விஜயலெட்சுமி

பி.கு.: லெப்டொப் வராது. கடிதத்தை ஒட்டுவதற்குள், "அந்தப் பாட்டு இல்லேன்னா கோலையே தொட மாட்டோம்" என்று மாரியாயி அக்காவும் கோலாட்டக்காரிகளும் தலைவர் வாசலில் போய் நின்றுவிட்டார்கள். சங்கை மட்டும் எடுத்தால் சரி என்று அவரும் இறங்கி வந்துவிட்டார். பாட்டை அழித்தேன் என்றது பொய், கை வரவில்லை. சங்கை வெட்ட உட்கார்ந்தபோது சிவஞானம் கங்காணி மெதுவாக எட்டிப் பார்த்து, "அவசரப்பட்டு எடுத்துடாத தங்கச்சி. நாளைக்கு மழை வரும்போல இருக்கு. மூணு மணிக்கு இன்னொரு தடவ போட்டுப் பாரேன்" என்கிறார்.