காக்கைக்குப் பிடிக்காத மாப்பிள்ளை

கையில் கேமரா வந்ததும் மனிதனுக்கு முதலில் கெடுவது புத்திதான். என் விஷயத்தில் கெட்டதோடு நிற்கவில்லை, ஊரைக் கூட்டிக் காட்டியும் கொடுத்தது.

அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு செம்பருத்தி, ஒரு முருங்கை, துணிக்கொடி. (நான் இதைத் தோட்டம் என்பேன். என் மனைவி கவிதா "பின்னாடி" என்பாள்.) அந்தச் செம்பருத்தியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. தாய் இரை ஊட்டும்போது தெளிவாக ஒரே ஒரு படம். வாழ்க்கையில் நான் கேட்டது அவ்வளவுதான்.

காக்கைகள் கூட்டைக் குதறிவிடுமோ என்று எனக்குப் பயம். கறுப்புப் பாலிதீன் பையைச் செத்த காக்கை மாதிரி சுருட்டி முருங்கையில் தொங்கவிட்டேன். அதோடு நின்றேனா? தொப்பியும் ஒட்டடைக் கம்புமாகப் பத்து நாள் காவல் வேறு. தெருக் காக்கைகள் அத்தனையும் என் முகத்தை மனப்பாடம் செய்துகொண்டன.

பதினோராம் நாள் எங்கள் வீட்டில் மாமனாரின் முதல் வருஷத் திதி. (தேதி நினைவிருந்தது. பையைக் கழற்றத்தான் மறந்துவிட்டேன்.) மதில்மேல் வாழை இலையில் சோறு, பருப்பு, வடை வைத்தாயிற்று. காக்கை எடுத்தால்தான் மற்றவர்களுக்கு இலை போடுவார்கள். பதினாறு பேர் "கா... கா..." என்று தொண்டை வறளக் கூப்பிட்டோம். காக்கைகள் பின்வீட்டுத் தண்ணீர் டேங்கின் மேல் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. ஒன்றுகூட வரவில்லை.

"அப்பாவுக்கு ஏதோ மனக்குறை," என்றான் மச்சினன் சேகர். "இனிமே வண்டிய மெதுவா ஓட்றேம்ப்பா. சத்தியமா. வந்து சாப்பிடுப்பா."

ம்ஹூம். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கடைசி மாசம் டாக்டர் பேச்சக் கேட்டு சக்கரையே இல்லாம காபி குடுத்தேன். எவ்ளோ கெஞ்சினாரு! அந்தக் கோவம் இன்னும் போகல."

உள்ளே போனார். மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் காபி கலந்து கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அத்தை, மாமாவுக்கு உங்க மேல கோவமே இல்ல. காக்காவுக்குத்தான் என் மேல கோவம்," என்று முருங்கையைக் காட்டினேன்.

மற்ற பதினைந்து பேரும் பையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

சேகர் பையை அறுத்து எறிந்தான். பரிகாரமாக இருக்கட்டும் என்று நானே முன்னால் போய் "கா" என்றேன். டேங்க் மேலிருந்த கூட்டம் என்னைக் கண்டதும் அலறியடித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் பறந்தது.

"மச்சான், நீங்க மொதல்ல உள்ள போங்க!" என்றான் சேகர்.

பாத்ரூமில் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, வெளியே ஒரே கைதட்டல்.

"வடையத் தூக்கிட்டாருடி!" மாமியார் அழுதுகொண்டே சிரிப்பது ஜன்னல் வழியாகக் கேட்டது. எனக்கும் கண் கலங்கியது.

விடுதலையானதும் நேராகக் கூட்டிடம் ஓடினேன். காலியாக இருந்தது. காக்கைதான் தின்றுவிட்டது என்று பதறினேன்.

"அதுங்க முந்தாநாளே பறந்து போச்சு," என்றாள் கவிதா. "நீங்க அப்போ காக்கா வெரட்டிட்டு இருந்தீங்க." (கேமராவில் இருந்தவை அத்தனையும் மங்கலான செம்பருத்தி இலைகள்.)

இப்போதும் அமாவாசைதோறும் மதில்மேல் இலை வைக்கிறோம். பக்கத்தில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட காபியும் உண்டு. "கா" என்று கூப்பிடும் முன் மாமியார் திரும்பி ஒரு கேள்வி கேட்பார்:

"மாப்பிள்ளையப் பூட்டியாச்சா?"