எங்கள் வீட்டில் யாருமே பார்க்காத வால் நட்சத்திரம்

வானத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் ஊர் நம்பிவிடும். வீட்டுமனை என்றால் பத்திரத்தைக் கேட்பார்கள். வெண்டைக்காய் என்றால் நுனியை உடைத்துப் பார்ப்பார்கள். "அதோ, அதுதான் சனி" என்று ஒருவன் கையை நீட்டினால் மட்டும் மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இந்த ஒரு வசதியை நம்பித்தான் 1986-ல் நான் சேலையூரில் வானியல் அறிஞனாக உலவினேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இயற்பியலில் பட்டம் வாங்கியிருந்தேன். வேலை வாங்கவில்லை.

அப்பா இறந்து ஆறு வருடமாகியிருந்தது. வீட்டில் அம்மா, வசந்தா அக்கா, நான். அக்கா கேம்ப் ரோட்டில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. நாலு எட்டு வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். மே மாத விடுமுறையில் ஆபரேஷன் என்று தேதி குறித்திருந்தார்கள். படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த வருடம் ஹாலி வால் நட்சத்திரம் வந்தது. எழுபத்தாறு வருடத்துக்கு ஒரு முறை வருவது. அது வரப்போகிறது என்று முந்தின வருடமே பேச்சு. அக்காவுக்கு இருபத்தெட்டு வயது. "அடுத்த தடவ வரும்போது எனக்கு நூத்தி நாலுடா. அவ்ளோ நாள் நான் தாங்க மாட்டேன். இப்பவே காட்டிடு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆபரேஷன் பேச்சு வீட்டில் அப்போதே ஓடிக்கொண்டிருந்ததால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எப்படியாவது காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அதற்காக ஒரு தொலைநோக்கியை நானே செய்யத் தொடங்கினேன். (வேலை தேடாமல் இருப்பதற்கு இதைவிடக் கௌரவமான காரணம் அன்று தாம்பரம் வட்டாரத்தில் கிடையாது.) தொலைநோக்கிக்கு உயிர் அதன் குழிக்கண்ணாடி. தடிமனான இரண்டு வட்டக் கண்ணாடிகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, நடுவில் எமரித் தூளும் தண்ணீரும் விட்டு, மேல் கண்ணாடியை முன்னும் பின்னுமாகத் தேய்க்க வேண்டும். நின்ற இடத்தில் நின்று தேய்த்தால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்துவிடும். அதனால் கண்ணாடியை ஒரு பீப்பாய் மேல் வைத்து, தேய்த்துக்கொண்டே அந்தப் பீப்பாயைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். நான் ஏழு மாதம் நடந்தேன்.

கொல்லையில் மணல் நிரப்பிய தார் பீப்பாய். காலையும் மாலையும் நான் அதைச் சுற்றுவேன். அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து சுற்றுகளை எண்ணுவாள். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இது வேறு மாதிரி தெரிந்திருக்கிறது. உடம்பு சரியில்லாத அக்காவுக்காகத் தம்பி பிரதட்சிணம் செய்கிறான் என்று தெரு முழுக்கப் பேச்சு. ஒருநாள் பீப்பாய் மேல் இரண்டு செம்பருத்திப் பூ இருந்தது. இன்னொரு நாள் குங்குமம் இருந்தது. குங்குமம் வைத்தது அம்மாதான். கேட்டதற்கு, "நீ உன் விஞ்ஞானத்தப் பாரு, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். அக்கா எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சிரித்ததில், அன்றைக்கு எத்தனை சுற்று என்பதே தெரியாமல் போயிற்று.

தச்சர் ஏழுமலை மரத்தில் தாங்கி செய்து கொடுத்தார். தகரக் குழாய்க்குக் கறுப்பு வர்ணம் அடித்தோம். ஏப்ரலில் அமாவாசையை ஒட்டிய ஒரு நாளைக் குறித்து, மளிகைக் கடைச் சுவரில் அறிவிப்பு ஒட்டினேன். "வால் நட்சத்திரம் காண வாரீர். இரவு பத்து மணி. விளக்கம்: ரகுராமன், பி.எஸ்ஸி." அந்தப் பி.எஸ்ஸி.யை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நாற்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். அப்போதெல்லாம் எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெற்கே பார்த்தால் இருட்டுதான். பெரும்பாக்கம் பக்கம் பேருக்கு ஒரு விளக்கு. கோவளம் வரைக்கும் வானம் சும்மா கிடக்கும். தெற்கு வானில் பஞ்சு உருண்டை போல ஒன்று தெரியும், அதுதான் வால் நட்சத்திரம் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். நான் குழாயைத் தெற்கே திருப்பித் துழாவினேன். ஐந்தே நிமிடத்தில் பஞ்சு உருண்டை அகப்பட்டது. "கிடைச்சிடுச்சு" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு நாய் குரைத்தது.

வரிசை நகர்ந்தது. குனிந்தார்கள், பார்த்தார்கள், மரியாதைக்கு "ஆமாமா" என்றார்கள். ஏழுமலைக்கு மட்டும் திருப்தி இல்லை. தாங்கி செய்தவர் என்ற உரிமையில் இரண்டு முறை பார்த்தார்.

"தம்பி, பஞ்சு கீது. வாலு எங்க கீது?"

"வால் அதுக்கு நேர் பின்னாடி மறைஞ்சிருக்கு. நாம முகத்தப் பாக்கறோம்" என்றேன். (இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அந்த நிமிஷம் தோன்றியது.)

"அத்த சொல்லு. மாடு நேரா வந்துகினு இருந்தா வாலு எப்டித் தெரியும்" என்று அவரே மற்றவர்களுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். அதோடு கேள்விகள் நின்றன.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா வந்தாள். குழாயைக் கீழே கொண்டுபோய்க் காட்ட வழியில்லை. கொல்லையிலிருந்து பார்த்தால் தெற்கே பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். மாடிக்குப் பதினேழு படி. மூன்று படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தாள். உட்காரும்போதெல்லாம் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள், அதற்காகத்தான் உட்கார்ந்தது போல. அம்மா பின்னால் விசிறியோடு வந்தாள். மேலே வந்து சேரக் கால் மணி நேரமாயிற்று. அக்காவின் உதடு வெளுத்திருந்ததை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். பார்த்தும், எப்போது பாராட்டுவாள் என்றுதான் காத்திருந்தேன்.

அக்கா வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"டேய் ரகு, இது உருண்டையா மட்டும் இல்லடா. நடுவுல பொடிப் பொடியா மின்னுது. ரவையக் கொட்டின மாதிரி."

"அது ஐஸ் தூள்க்கா. வால் நட்சத்திரமே ஐஸ்தானே" என்றேன்.

அவள் மறுபடியும் குனிந்து பார்த்தாள். "அழகா இருக்கு. இனிமே கவலை இல்ல" என்றாள்.

மறுநாளே வகுப்புக் கரும்பலகையில் அதை வரைந்து காட்டியிருக்கிறாள். வால் எங்கே என்று தலைமையாசிரியை கேட்டதற்கு, என் மாட்டு விளக்கத்தைச் சொல்லிச் சமாளித்திருக்கிறாள். அதை வீட்டுக்கு வந்து சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மேற்குத் தாம்பரத்தில் சாமுவேல் சார் வீட்டில் எங்கள் வானியல் குழு கூடியது. அவர் கல்லூரிப் பேராசிரியர். குழுவில் அவரைத் தவிர நாங்கள் ஏழு பேர், தொலைநோக்கி இருந்தது எனக்கு மட்டும். நான் பார்த்ததைப் படமாக வரைந்து, பக்கத்து நட்சத்திரங்களையும் குறித்து, பெருமையாக நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். நடுவில் பொடிப் பொடியாகத் தெரிந்ததா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, அக்காதான் சொன்னாள் என்றேன்.

"உங்க அக்காவுக்கு நல்ல கண்ணு" என்றார். "தம்பி, இது ஒமேகா சென்டாரி. லட்சக்கணக்கான நட்சத்திரம் சேர்ந்த கூட்டம். அவங்க பார்த்தது ஒவ்வொண்ணும் ஒரு நட்சத்திரம்."

வால் நட்சத்திரம் அன்று அதற்கு இடப்பக்கம், இன்னும் கீழே இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டுத் தென்னை மரத்துக்குப் பின்னால். இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் தானாகவே மேலே ஏறி வந்திருக்கும். நான் காட்டியது எழுபத்தாறு வருடத்துக்கு ஒரு முறை வருவது இல்லை. வருடா வருடம் வருவது. சாமுவேல் சார் சிரிக்கவில்லை. மற்ற ஆறு பேர் அந்தக் குறையை நிவர்த்தி செய்தார்கள். பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அன்று இரவு தனியாக மாடிக்குப் போனேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை. தேடவும் வேண்டியிருக்கவில்லை. குழாயே இல்லாமல் வெறும் கண்ணுக்குத் தெரிந்தது. மங்கலாக, பெரிதாக, ஒரு பக்கம் லேசாக இழுத்துவிட்ட மாதிரி. குழாயில் பார்த்தேன். பொடியெல்லாம் இல்லை. ஒரே புகை.

கீழே அக்கா ஆண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் கொல்லையில் விழுந்திருந்தது. ஒரு குரல் கொடுத்தால் வந்துவிடுவாள். நான் படி உச்சியில் நின்றேன். பதினேழு படியை அவளை மறுபடியும் ஏற வைக்கக்கூடாது என்று நினைத்தேன். அது உண்மைதான். அதைவிடப் பெரிய உண்மை வேறு. "நான் தப்பாகக் காட்டினேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிவப்பு மையில் எழுதிய பி.எஸ்ஸி. என் தொண்டையில் நின்றது.

அக்காவே கீழேயிருந்து கேட்டாள். "என்னடா, மேல ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணுமில்லக்கா. மேகம்" என்றேன்.

அதற்குப் பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் அது வானத்தில் இருந்தது. தினமும் நாளை சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு நிலா வளர்ந்து வெளிச்சம் கூடியது. வால் நட்சத்திரமும் மங்கிப் போய்விட்டது. மே மாதம் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாளிடம், என் தம்பி எனக்கு வால் நட்சத்திரம் காட்டினான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றுதான் சொன்னார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் அக்கா போய்விட்டாள்.

ஒரு வருடத்துக்கு அம்மா சரியாகப் பேசவில்லை. சமையலறையும் பூஜை அலமாரியும்தான் அவளுக்கு உலகம். அடுத்த கோடையில் கதவு ஒன்று இறங்கிவிட்டதென்று ஏழுமலை வந்தார். இழைத்துக்கொண்டே, டீச்சரம்மா அன்றைக்கு எப்படி ஆசையாகப் பார்த்தது என்று பேச்செடுத்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத ஒண்ண பாத்துட்டுப் போனா. அது போதும்" என்றாள்.

என்னால் தாங்க முடியவில்லை. ஏழுமலை போனதும் அம்மாவிடம் உடைத்துவிட்டேன். அன்று காட்டியது வால் நட்சத்திரமே இல்லை, வேறு ஒரு நட்சத்திரக் கூட்டம், நிஜமானது தென்னை மரத்துக்குப் பின்னால் இருந்தது, மாட்டுக் கதை என் கற்பனை. இவ்வளவையும் சொன்னேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது.

அம்மா என்னையே பார்த்தாள். "ஏழு மாசம் பீப்பாயச் சுத்தினியேடா" என்றாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "தெருவே வந்து கும்பிட்டுட்டுப் போச்சேடா. நானும் குங்குமம் வெச்சேனே." சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். சிரித்துச் சிரித்து அது அழுகையாகி, மறுபடியும் சிரிப்பாயிற்று. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ நீயாவது அத பாத்தியா?"

அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இல்லம்மா" என்றேன்.

"அப்ப சரி" என்றாள். பெருமூச்சு விட்டாள். "நம்ம வீட்ல யாருமே பாக்கல."

அன்றிலிருந்து அது எங்கள் குடும்ப வேடிக்கை. என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம் அம்மா சொன்னாள். என் மகள் பிறந்து பேசக் கற்றதும் அவளிடம் சொன்னாள். ஏழு மாதம் பீப்பாயைச் சுற்றி, ஊரைக் கூட்டி, மாட்டுக் கதை அளந்து, கடைசியில் வீட்டில் ஒருத்தர்கூடப் பார்க்காத வால் நட்சத்திரம். பஸ்ஸைத் தவறவிட்டால், தேதியை மாற்றி நினைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போய் நின்றால், "நம்ம ராசி, தென்ன மரத்துக்குப் பின்னாடி" என்பாள். எல்லாரும் சிரிப்போம். அக்காவும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை என்ற அந்த இடம் வரும்போது அம்மா என் கையை ஒரு தட்டுத் தட்டுவாள்.

அம்மா போய் நான்கு வருடமாகிறது. இப்போது என் மகள் அதைச் சொல்கிறாள். அம்மாவைவிட நன்றாகவே சொல்கிறாள். போன வாரமும் விருந்தாளிகள் முன்னால் சொல்லி முடித்து, "அப்பாகூடப் பாக்கல, பாவம்" என்றாள். நானும் வழக்கம்போலச் சிரித்தேன்.

பார்த்தேன். நன்றாகவே தெரிந்தது.