ரோஸ் கலரில் வைத்த நாலு பொட்டு

“காரோட டைமிங் பெல்ட்டை நானே மாத்தப் போறேன்” என்று என் வீட்டுக்காரர் அறிவித்தபோது நான் தோசைக் கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். இருபத்துநாலு வருஷக் குடித்தனத்தில் இப்படி எத்தனையோ அறிவிப்புகளைக் கேட்டாயிற்று. தண்ணி மோட்டாரை அவரே கழற்றிப் பூட்டிய வருஷம், பக்கத்து வீட்டுக் குழாயில் பதினொரு நாள் குடம் வைத்தோம்.

அவர் பெயர் மகாராஜன். போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலை. ஏழு மில்லிமீட்டர் காயையும் எட்டு மில்லிமீட்டர் காயையும் சல்லடை இல்லாமல் கண்ணாலேயே பிரித்துவிடுவார். அது உண்மை. அந்த ஓர் உண்மையை வைத்துக்கொண்டு உலகத்தையே கண்ணால் அளந்துவிடலாம் என்று நினைப்பதுதான் தொந்தரவு.

“தெருமுனையில காசிமாயன் தம்பி மெக்கானிக் கடை எதுக்கு வச்சிருக்கு?” என்றேன்.

“அவன்தான் சொன்னான், பெல்ட்டுக்கு வயசாயிருச்சுண்ணே, போடிமெட்டு ரோட்டுல அறுந்தா இன்ஜினே காலின்னு. சரிடா, நானே மாத்திக்கிறேன்னேன். சிரிக்கிறான். உங்களுக்கு அது வராதுண்ணேங்கறான்.”

ஆக, விஷயம் பெல்ட் இல்லை.

“நிஜமாவே வரலேன்னா?”

“வரும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை. சாயங்காலத்துக்குள்ள வண்டி ஸ்டார்ட் ஆகும்.”

அடுப்பை அணைத்தேன். போடிமெட்டுக்குப் பக்கத்தில் எங்கப்பா எனக்கு எழுதி வைத்த ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் இவருக்கு ஒழிகிற ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். வந்தாலும் பத்து நிமிஷத்தில் “போதும், கிளம்பு” என்பார். இல்லையென்றால் விடியற்காலை வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் பதினாறாவது ஆளாக நான் தொற்ற வேண்டும். லைசென்ஸ் எடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதில் உள்ள போட்டோவில் எனக்கு ஒரு நரை கிடையாது. மெட்டு ரோடு பொம்பளைக்குச் சரிப்படாது என்று ஒன்பது வருஷமாகச் சாவியைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

“நீங்களே முடிக்கலேன்னா சாவியை எங்கிட்டக் குடுத்துருவீங்களா?”

தோசையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “இந்த வேலையில என் கையைத் தவிர வேற ஒரு கை பட்டுச்சுன்னா, இனிமே மெட்டுக்குப் போறப்ப சாவி உன்கிட்ட. படாம முடிச்சிட்டேன்னா, ஓட்டுறேங்கற பேச்சையே நீ எடுக்கக் கூடாது.”

ஜன்னலுக்கு வெளியே காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி ஒரு தலை எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள் அக்கா. “நானும் கேட்டுக்கிட்டேன் தம்பி” என்றது அந்தத் தலை.

அன்று சாயங்காலமே மூடிகளையெல்லாம் கழற்றி, பெல்ட் தெரிகிற அளவுக்கு வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டார். நெட்டிலிருந்து நாற்பது பக்கம் பிரிண்ட் எடுத்து வந்திருந்தார். எல்லாம் இங்கிலீஷ். படிக்கிற வேலை எனக்கு. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் ஸ்கேலால் முட்டியில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ், மருந்து டப்பாவுக்கும் மிக்ஸி கேரண்டி அட்டைக்கும் அப்புறம் இப்போதுதான் ஓர் இன்ஜினுக்கு வந்து சேர்ந்தது.

கீழே ஒரு சக்கரம், மேலே ஒரு சக்கரம். கீழ்ச் சக்கரம் சுற்றினால் பிஸ்டன் ஏறும், மேல் சக்கரம் சுற்றினால் வால்வு திறக்கும். இரண்டையும் ஒரே தாளத்தில் கட்டிப்போடுவது நடுவில் இருக்கிற பல் வைத்த பெல்ட். ஒரு பல் தள்ளி மாட்டினாலே தாளம் தப்பும். ரொம்பத் தப்பினால் ஒன்றோடொன்று முட்டி எல்லாம் வளைந்துவிடும். படிக்கப் படிக்க எனக்கு அந்த ரப்பர் துண்டின் மேல் மரியாதை வந்தது.

“இதைக் கேளுங்க. பழைய பெல்ட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு சக்கரத்துலயும், அதுக்கு நேரா இன்ஜின் உடம்புலயும் அடையாளம் போடணுமாம்.”

“வேணாம்.”

“புது பெல்ட்டை மாட்டினதும் ஸ்டார்ட் பண்ணக் கூடாதாம். கையால ரெண்டு முழுச் சுத்து சுத்தி, அடையாளம் நேரா வருதான்னு பார்க்கணுமாம்.”

“எதுக்கு ரெண்டு சுத்து? அதென்ன கோயில் பிரகாரமா?”

“ஒரு பல்லு தள்ளிப் போனாலும்...”

“காளி, நான் எட்டு எம்எம் காயைக் கண்ணால பிரிக்கிறவன்.”

பிரிண்ட் அவுட்டை மடித்து வைத்துவிட்டு, மறுவாரம் வருகிற ஒரு நிச்சயதார்த்தத்துக்காகக் கால் நகங்களுக்கு ரோஸ் கலர் நெயில் பாலிஷ் போட உட்கார்ந்தேன்.

“என்ன இது, பெயிண்ட் நாத்தம்” என்றார், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஞாயிறு காலை, வண்டிச் சக்கரங்களுக்கு அடியில் வைக்க நாலு எலுமிச்சம்பழம் வாங்க மார்க்கெட்டுக்குப் போனார். நான் வண்டி முன்னால் நின்றேன். சும்மா விட்டால் இவர் தோற்பார், நான் ஜெயிப்பேன். செத்துப்போன வண்டியின் சாவி என் கையில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு மெட்டுக்கு நடந்துதான் போக வேண்டும்.

பழைய பாவாடைத் துணியால் கிரீஸைத் துடைத்தேன். மேல் சக்கரத்தில் ஒரு பொட்டு, அதற்கு நேரே இன்ஜின் உடம்பில் ஒரு பொட்டு. கீழேயும் அதே மாதிரி ஒரு ஜோடி.

வியாபாரிகள் கூட்டத்தில் இவர் கைதட்டல் வாங்கிய பேச்சு, நான் எழுதிக் கொடுத்தது. மாடிப்படியின் கணக்கு, கொத்தனாரிடம் நான் சொன்னது. ‘நானே செஞ்சேன்’ என்று இவர் சொல்கிற எல்லாவற்றிலும் ஓர் ஓரத்தில் என் பொட்டு இருக்கும். ஏமாற்றுகிற ஆள் இல்லை. பார்ப்பதில்லை, அவ்வளவுதான். நாள் பூராவும் காயைப் பார்த்து வருகிற கண்ணுக்கு வீட்டில் ஓய்வு கொடுத்துவிடுவார் போலிருக்கிறது.

திரும்பி வந்தவர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

“காளி, இங்க வா. கம்பெனிக்காரன் எவ்வளவு விவரமானவன் பாரு. தெரிஞ்சவனுக்கு மட்டும் புரியிற மாதிரி ரோஸ் கலர்ல பொட்டு வச்சிருக்கான்.”

“நேத்து இல்லையே?”

“நேத்து கிரீஸ் மூடியிருந்துச்சு.”

வாயைத் திறந்தால் பந்தயம் என் பக்கம். திறக்கவில்லை. வேலை முடியட்டும் என்று இருந்தேன்.

நாலு மணிக்குப் புது பெல்ட் ஏறிவிட்டது. நாலரைக்கு ராகு காலம். “வெரசா ஸ்டார்ட் பண்ணிருவோம்” என்று டிரைவர் சீட்டை நோக்கி நடந்தார். நான் குனிந்து பார்த்தேன். கீழ்ப் பொட்டுகள் நேருக்கு நேர் இருந்தன. மேல் பொட்டுகள் முகம் திருப்பிக்கொண்டிருந்தன. இடைவெளி ஒரு பல். அளந்தால் சரியாக எட்டு மில்லிமீட்டர் இருக்கும்.

தப்பு என்று சொன்னால் சண்டை வரும். அந்தக் கோபத்தில் சாவியைத் திருகிவிடுவார்.

“இருங்க, சுஜிதாவுக்கு ஒரு வீடியோ எடுத்து அனுப்புவோம்” என்றேன். சுஜிதா எங்கள் மகள், கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறாள்.

உடனே தலையைச் சீவிக்கொண்டு வந்தார்.

“அந்த ரெண்டு சுத்தையும் சுத்திக் காட்டிருங்க. இல்லேன்னா அப்பா அதை விட்டுட்டாருன்னு சொல்லிருவா.”

கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி ஸ்பேனரைப் போட்டுச் சுற்றினார். ஒன்று. இரண்டு. மேலே பார்த்தார். சிரிப்பு நின்றது. போன் திரையில் அவர் முகம் சின்னதாக, பரீட்சைத் தாளைத் திருப்பி வாங்கிய பையன் மாதிரி இருந்தது.

“காளி, போய் டீ போட்டுக் கொண்டா.”

“வீடியோ?”

“பெறகு எடுக்கலாம். போ.”

இஞ்சியை நிதானமாகத் தட்டினேன். ஏலக்காய் போட்டேன். பாலை மூன்று தடவை பொங்கவிட்டேன். வெளியே ஸ்பேனர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டீயோடு போனபோது நாலு பொட்டும் நேருக்கு நேர். மணி நாலே முக்கால்.

“ஸ்டார்ட் பண்ணலையா?”

“ராகு காலம். ஆறு மணிக்குத்தான்.”

சாவிப் பேச்சை இனி எடுப்பதில்லை என்று அதற்குள் நான் முடிவு செய்திருந்தேன். திரையில் பார்த்த அந்த முகத்துக்கு மேல் ஜெயிக்க மனசு வரவில்லை. ஜீப்பு இருக்கவே இருக்கிறது.

ஆனால் ஒன்றேகால் மணி நேரம் சும்மா இருக்க மகாராஜனால் முடியுமா? நேரே தெருமுனைக்குப் போய்க் காசிமாயனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் போகச் சொல்லவில்லை.

காசிமாயன் டார்ச் அடித்தான். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். “நல்லாத்தாண்ணே மாட்டியிருக்கீங்க” என்றான். அவன் குரலில் மரியாதை இருந்தது. என் வீட்டுக்காரர் ஓர் அங்குலம் வளர்ந்தார். “ஆமா, இதென்ன பொட்டு?” என்று கேட்டான் காசிமாயன்.

“கம்பெனி மார்க்குடா. உனக்குத் தெரியாதா?”

“கம்பெனி மார்க்குன்னா வெட்டுக்குறிண்ணே. இந்தா, பக்கத்துல இருக்கு பாருங்க.” பொட்டை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தான். “இது நெயில் பாலிஷு.”

சுவருக்கு மேலிருந்து சுருளியம்மாள் அக்கா என் காலைப் பார்த்தார். அப்புறம் காசிமாயன் பார்த்தான். கடைசியாக என் வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து என் காலை அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

“எப்ப வச்ச?”

“நீங்க எலுமிச்சம்பழம் வாங்கப் போனப்ப.”

குனிந்து பொட்டைப் பார்த்தார். “பிரஷ்ஷுதான பட்டுச்சு. கை படலையே.”

“பிரஷ்ஷு தானா நடந்து போச்சாக்கும்” என்றார் சுருளியம்மாள் அக்கா.

“மதினி அடையாளம் போடலேன்னா, இந்நேரம் நாம இன்ஜினை இறக்கிக்கிட்டு இருப்போம்ணே” என்றான் காசிமாயன்.

ஆறு மணிக்குச் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். கைலியில் துடைத்தார். என்னிடம் நீட்டினார். வண்டி முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது. வண்டி முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது.

அடுத்த ஞாயிறு மெட்டு ரோட்டில் நான் ஓட்டினேன். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தார். தோட்டத்தில் இறங்கி, என் செடிகளுக்கு நடுவே கால் வலிக்கும்வரை நடந்தேன். “போதும், கிளம்பு” என்று யாரும் சொல்லவில்லை. சொல்கிறவர் வண்டியில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் என் நெயில் பாலிஷ் பாட்டிலைக் காணோம். தேடித் தேடி, கடைசியில் அவருடைய டூல்ஸ் பெட்டியில் ஸ்பேனர்களுக்கு நடுவே கண்டுபிடித்தேன்.

“இது என்னோடதுங்க.”

“கம்பெனிப் பொருள்” என்று சொல்லிப் பெட்டியைப் பூட்டிவிட்டார்.