ஆர்வில் வாட்டிய சிவப்புத் துண்டு

அடுப்புக் கம்பியில் கிடந்த பீட்ரூட் துண்டு சாயம் விட ஆரம்பித்ததும் ஆர்வில் சுற்றுமுற்றும் பார்த்தார்.

கனடாவின் ஆல்பர்ட்டாவில், மாட்டுப் பண்ணைக்காரர்கள் சங்கத்தின் கோடை விருந்து அது. அவரவர் பண்ணைக் கறியை அவரவரே வாட்டித் தின்ன வேண்டும். மளிகைக் கடைக்காரி லோர்னா ஒவ்வொன்றாக ருசி பார்த்துப் பரிசு கொடுப்பாள். அது முடிந்ததும் தலைவர் தேர்தல். ஆர்வில் நிற்கிறார்.

ஆனால் டாக்டர் அவருடைய இதயத்தைச் சோதித்துவிட்டு, கறி, பால், முட்டை மூன்றையும் மறந்துவிடச் சொல்லியிருந்தார். காலையில் ஓட்ஸும் சோயாப் பாலும், மதியம் பீன்ஸ், கீரை, ஒரு பிடி பாதாம். பாழாய்ப்போன சாப்பாடு, உடம்புக்கு ஒத்துக்கொண்டும் தொலைத்தது. இப்போதெல்லாம் மூச்சு வாங்காமல் குதிரை ஏறுகிறார். வெளியே தெரிந்தால் ஓட்டோடு மானமும் போய்விடும்.

சாயத்தை மறைக்க ஈர விறகைத் திணித்தார். புகை கிளம்பியது. என்னவோ ஏதோ என்று பக்கத்துப் பண்ணை மெர்ல் ஓடி வந்தார்.

"என்னய்யா இது, இவ்வளவு சிவப்பா? எந்த ரக மாடு?"

"நார்வே மலை மாடு" என்றார் ஆர்வில், வாயில் வந்ததை.

"காளை வெச்சிருக்கியா?"

இருக்கு என்று உளறிவிட்டார். அவ்வளவுதான். மெர்ல் தன் பசுக்களைச் சினைக்கு விட ஞாயிற்றுக்கிழமை ஓட்டி வருவதாகச் சொன்னார். அவர் பின்னால் ஊரே வரிசை கட்டியது. நல்ல காலம், ஒருவரும் ஒரு வாய் கேட்கவில்லை.

காளைக்கு உடம்பு சரியில்லை என்று ஆர்வில் சமாளித்தார். உடனே, விருந்துக்கு வந்திருந்த மாட்டு வைத்தியர் காளையைப் பார்க்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார். ஆர்வில் பதறிப்போய், காளை காலையிலேயே செத்துவிட்டது என்றார். எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

வைத்தியர் மட்டும் திரும்பி வந்து அடுப்பை உற்றுப் பார்த்தார்.

"சீக்கு வந்து செத்த மாட்டையா வாட்டிட்டிருக்கே? தொத்து வியாதின்னா ஊர் மாடு மொத்தத்தையும் அடைச்சு வைக்கணும், தெரியுமா?"

அதற்குள் எல்லாத் தட்டையும் முடித்துவிட்டுக் கடைசியாக ஆர்வில்லிடம் வந்த லோர்னா, முள்கரண்டியை அந்தத் துண்டில் குத்தியிருந்தாள்.

ஆர்வில்லுக்குக் கண் கலங்கிவிட்டது. "காளையும் இல்ல, மாடும் இல்ல. இது பீட்ரூட். நான் கறியை விட்டுட்டேன். போதுமா?"

மெர்ல் தரையைப் பார்த்தார்.

லோர்னா முள்கரண்டியை உருவி வைத்தாள்.

"நீயாவது வாயைத் திறந்தியே. மெர்ல், உன்னோடது காளானா, கத்திரிக்காயா? இத்தனை தட்டு பார்த்துட்டேன், ஒரு துண்டு கறி என் நாக்குல படல."