கடைசி அறையும் கிளவுட் பரீட்சையும்

நாற்பத்தேழு வயதில் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை போகிற போக்கில் இந்தப் பெருமை அடிபட்டுப் போய்விடும். ஆயிரத்துக்கு எண்ணூற்று அறுபத்து நான்கு மார்க். கிளவுட் கம்ப்யூட்டிங் அடிப்படைச் சான்றிதழ். குழாய் சாமான் விற்கிற எங்கள் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்துகொண்டு இதை எழுதியவன் நான் ஒருவன்தான். என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை என்பதும் உண்மை.

பின்னே ஏன் எழுதினேன்? அறைக்காக.

எங்கள் வீட்டின் கடைசி அறை என் அறை. அதில் ஒரு ஜன்னல் உண்டு என்று கேள்வி. என் சாமான்கள் மறைத்துக்கொண்டிருந்ததால் பல வருஷமாகப் பார்த்ததில்லை. பழைய மானிட்டர் மூன்று, ஓடாத ஃபேன், டிவி செத்துப்போய்த் தாம் மட்டும் உயிரோடிருக்கிற ரிமோட்டுகள், எந்த போனுக்கும் சேராத சார்ஜர்கள் ஒரு பக்கெட் நிறைய. ஸ்டோர் கீப்பர் கண்ணுக்கு உலகத்தில் குப்பை என்று எதுவும் கிடையாது.

என் மனைவி தையல்காரி. அவள் மெஷின் இருந்தது நடையில், பாத்ரூம் கதவுக்கு எதிரே. யாராவது உள்ளே போக வேண்டுமென்றால் தையலை நிறுத்தி, நாற்காலியை இழுத்து, முழங்காலை மடக்கி வழிவிடுவாள். நான் ஒரு நாளைக்கு ஏழு தடவை போகிறவன்.

ஒரு நாள் காலையில், ஏழில் இரண்டாவது தடவை வழிவிடும்போது கேட்டாள்.

"ஏங்க, அந்தக் கடைசி ரூமைக் காலி பண்ணித் தாங்க. மெஷினை அங்க போட்டுக்கறேன். ஆர்டர் கூடிப்போச்சு."

எனக்குப் பகீரென்றது. மூளையைக் கேட்காமலே வாய் பேசிவிட்டது.

"அந்த ரூம்லதானே நான் படிக்கப் போறேன்!"

"என்ன படிக்கப் போறீங்க?"

ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் முந்தின நாள் பார்த்த காகிதம் கைகொடுத்தது. "கிளவுட். பெரிய பரீட்சை. மூணு மாசம் தனியா உக்காந்து படிக்கணும்."

என்னை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லாப் படிங்க" என்றாள்.

அவ்வளவுதான். சண்டையே இல்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் வாரம் படிப்பதாக நடித்தேன். இரண்டாவது வாரம் நடிப்பு அலுத்துப்போய் நிஜமாகவே படிக்க ஆரம்பித்துவிட்டேன். என்ன ஆச்சரியம், எனக்குப் புரிந்தது! கிளவுட் என்றால் ஏதோ ஆகாயத்து விவகாரம் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் அது ஸ்டோர் கீப்பர் வேலை. எதை எங்கே வைப்பது, யாருக்கு எப்போது எடுத்துக் கொடுப்பது, அவ்வளவுதான். தினமும் படித்ததை நடையில் நின்று என் மனைவிக்குப் பாடம் எடுத்தேன்.

"நம்ம கம்ப்யூட்டரெல்லாம் வேற ஒருத்தர் கட்டடத்துல இருக்கும். வேணுங்கறபோது, வேணுங்கற அளவு எடுத்துக்கலாம்."

"வேலை முடிஞ்சா?"

"உடனே விட்டுடணும். சும்மா பிடிச்சு வச்சுக்கறவனுக்குக் கிளவுட்டே தெரியலைன்னு அர்த்தம்."

"ஓஹோ" என்று நூலைப் பல்லால் கடித்தாள்.

மறுநாள் பொறுப்புப் பங்கீடு. அது பரீட்சையில் நிச்சயம் வரும்.

"கட்டடம், பூட்டு, கரண்ட் எல்லாம் கிளவுட் கம்பெனிக்காரங்க பொறுப்பு. உள்ள நாம எதை வைக்கறோம், யாரை விடறோம், அது நம்ம பொறுப்பு. அவங்க அனுப்பறதைப் படிக்காம விட்டுட்டு அப்புறம் அவங்களைக் குத்தம் சொல்லக் கூடாது."

"படிக்க வேண்டியவங்கதான் படிச்சுக்கணும்."

"அதேதான்! உனக்கு நல்ல மூளை."

"கல்யாணமாகி இருபது வருஷம் கழிச்சாவது தெரிஞ்சுதே."

இன்னொரு நாள் அவளே கேட்டாள். "அடிக்கடி தேவைப்படாததை எல்லாம் என்னங்க பண்ணுவாங்க?"

"அதுக்கு ஆர்க்கைவ்னு தனிக் கிடங்கு. ஒரு ஓரமாப் போட்டு வச்சுடுவாங்க. பத்திரமா இருக்கும். ஆனா கேட்ட உடனே கிடைக்காது. சிலதுக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும்."

மெஷின் நின்றது. "பன்னிரண்டா?"

"பன்னிரண்டு."

மெஷின் மறுபடி ஓடியது. முன்பைவிட வேகமாக. ஆசிரியராக எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இவ்வளவு ஆர்வமான மாணவி யாருக்குக் கிடைப்பாள்?

பரீட்சைத் தேதி நெருங்கியது. சென்டருக்குப் போய் எழுதலாம் என்றிருந்தேன்.

"எதுக்கு அலையறீங்க? வீட்டுலேருந்தே எழுதலாமாமே. உங்க ரூம், உங்க நாற்காலி."

'உங்க ரூம்' என்று அவள் வாயாலேயே சொன்னாள்! உருகிப்போனேன். வீட்டிலேயே எழுதுவதாகப் பதிவு செய்தேன். விதிமுறைகள் மெயிலில் வந்தன. நான் மாதிரித் தேர்வில் மூழ்கியிருந்தேன்.

"நீயே படிச்சுச் சொல்லேன்" என்று போனை நீட்டினேன்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் படித்தாள்.

"கேமராவுல ரூமைச் சுத்திக் காட்டணுமாம். நீங்க, மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர். வேற ஒண்ணும் இருக்கக் கூடாது."

"ஒண்ணுமேவா?"

"பழைய மானிட்டர் கண்ணுல பட்டாப் பரீட்சை கேன்சல்."

"சார்ஜர் பக்கெட்?"

"ஐயோ, ஒயரைப் பாத்தாலே சந்தேகப்படுவாங்க!"

இரண்டு நாள் சுமந்தேன். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனும் தோள் கொடுத்தார். மொட்டை மாடி ஷெட்டில் அத்தனையையும் அடுக்கி, என் கையாலேயே பூட்டி, சாவியை மனைவியிடம் கொடுத்தேன். அறையில் ஜன்னல் இருந்தது. வெளிச்சம்கூட வந்தது.

ஒன்றரை மணி நேரப் பரீட்சை. அன்று கண்காணிப்பாளர் குரல் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. "கேமராவைச் சுத்திக் காட்டுங்க சார்." காட்டினேன். "ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க." என் வாழ்க்கையில் யாரும் எனக்குச் சொல்லாத வார்த்தை அது.

கதவுக்கு வெளியே என் மனைவி நாற்காலி போட்டுக் காவல் இருந்தாள். மெஷினை நிறுத்திவிட்டாள். தைத்த துணியை வாங்க வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள். உள்ளே நான் எழுத ஆரம்பித்தேன். அறைக்காக ஆரம்பித்ததுதான், ஆனால் தோற்றால் இப்போது தாங்காது. நாற்பத்தோராவது கேள்வியில் தலை சுற்றியது. அபூர்வமாகத் தேவைப்படும் கோப்புகளை எங்கே வைப்பது? 'பன்னிரண்டா?' என்று அவள் குரல் காதில் கேட்டது. ஆர்க்கைவைத் தட்டினேன்.

திரையில் 'பாஸ்' என்று வந்ததும் கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"ரூமுக்காகத்தான் ஆரம்பிச்சீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா நிஜமாவே படிச்சீங்க பாருங்க, அதான் எனக்குப் பெருமை."



மறுநாள் ஆபீஸில் கைதட்டினார்கள். மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார். மாலையில் மிதந்தபடி வீட்டுக்கு வந்து நேரே பாத்ரூம் போனேன். யாரும் முழங்காலை மடக்கவில்லை. நடை காலியாக இருந்தது. மெஷின் சத்தம் கடைசி அறையிலிருந்து வந்தது.

ஜன்னலோரம் மெஷின். சுவரில் ஃப்ரேம் போட்ட என் சான்றிதழ்.

"என்னது இது?"

"வேலை முடிஞ்சா உடனே விட்டுடணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"என் சாமானெல்லாம்?"

"ஷெட்டுல பத்திரமா இருக்கு. கேட்டா எடுத்துத் தரேன். பன்னிரண்டு மணி நேரம் ஆகும்."

அவசரமாக மெயிலைத் திறந்து படித்தேன்.

"மேசை மேல ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு! ரூமையே காலி பண்ணணும்னு எங்க இருக்கு?"

"மெயில் யாருக்கு வந்துச்சு?"

"எனக்கு."

"படிக்கறது யார் பொறுப்பு?"

அவள் சொன்ன ஒவ்வொன்றும் நான் மார்க் வாங்கிய பதில். எதை மறுத்தாலும் சான்றிதழைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சுவரைப் பார்த்தாள்.

"இது மூணு வருஷத்துக்குத்தான் செல்லும்னு கீழ போட்டிருக்கே?"

"ஆமா. அப்புறம் திரும்ப எழுதணும்."

"கவலைப்படாதீங்க. அன்னைக்கு ரூமை ஒன்றரை மணி நேரம் விட்டுத் தரேன்."